முசரவாக்கத்தில் எடுத்த அழைப்பு

காரின் பின்னிருக்கையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அதனோடு கம்பியால் இணைத்திருந்த கைப்பேசி, அலுவலகத்துக்குத் தானாக அழைப்புப் போட்டது. அங்கிருந்த இயந்திரம் அதை எடுத்து, பதிவுசெய்த ஒரு பெண்குரலை ஒலித்தது. அந்தக் குரல் எவ்வளவு சிதையாமல் வந்துசேர்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. குரல் என்னோடு வேலைபார்த்த அக்காவுடையது. அவர் இறந்தபின், டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் ஊரான முசரவாக்கத்துக்கு நான் போன முதல் நாள் அது. நாளெல்லாம் காரில் அவர் குரல், பேசத்தான் அவர் இல்லை.

அக்கா எங்கள் அலுவலகத்தில் சிக்னல் கணக்குப் போட்டவர். டவரிலிருந்து கிளம்பும் அலை போகப்போக எப்படி மெலியும் என்று சொல்லும் சூத்திரங்கள், எந்த ஊர்ப் புறநகரையோ பார்த்து எழுதப்பட்டவை. காஞ்சிபுரத்தின் ஓரம் அவற்றுக்குப் பிடிபடவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய தறிவீடுகள் சட்டென்று முடிந்து ஏரி வரும். அப்புறம் தைலமரத் தோப்பு. அதைத் தாண்டினால் புது மனைப்பிரிவில் ஒற்றை மாடிவீடு. நாங்கள் இருவரும் திருப்புட்குழி வரை தெருத்தெருவாக அளந்தோம். அளந்ததை வைத்து அவர் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டே வந்தார். "நம்ம ஊரு அந்த புக்குல இல்லபா. நாமதான் எழுதிக்கினு போவணும்" என்பார்.

எல்லாம் பொருந்தி வந்தது, தோப்புக்குப் பின்னாலிருந்த அவர் வீட்டைத் தவிர. அங்கே சிக்னல் உண்டு என்றது கணக்கு. இல்லை என்றது கைப்பேசி. அலுவலகத்திலிருந்து கணவரோடு போனில் பேசினால் பாதிச் சொற்கள்தான் கேட்கும். புது டவர் கேட்டிருந்தார். அது வருவதற்குள் காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை.

வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்து அவர் கணவர் வெளியே வந்தார். வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

"தம்பி, அவ கொரலு உங்க மெஷின்ல பேசுதாமே?"

பதிவை அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

"அனுப்பறதெல்லாம் வேணாம்பா. போன்ல அவ பேசற மாதிரி கேக்கணும்."

அழைப்புப் போட்டுக் கைப்பேசியை நீட்டினேன். கம்பி எட்டவில்லை, ஜன்னலுக்குள் தலையை நுழைத்துக் காதில் வைத்துக்கொண்டார். "மழை வருகிறது. மாடியில் காயும் துணியை எடுத்து வையுங்கள்." சோதனைக்காக அக்கா தானே யோசித்துப் பேசிய வாக்கியம் அது. அந்த இடத்தில் துணுக்குத் துணுக்காகத்தான் கேட்டிருக்கும். திரையில் மதிப்பெண் சிவப்பாக விழுந்தது.

"எடுத்துட்டேம்மா" என்றார்.

அழைப்பு அறுந்த பிறகும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தோப்பருகே டவர் எழுந்தது. அலுவலகத்தில் குரலையும் மாற்றிவிட்டார்கள். மழை பிடித்தால் இப்போது அக்காவின் கணவர் எனக்குப் போன் செய்கிறார். நான் குடியிருப்பது காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம், ஐயம்பேட்டையில்.

"அங்க பெய்யுதாபா?"

"பெய்யுதுண்ணே."

"இங்கயும் பெய்யுது."

பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்கும். அதற்குமேல் சொல்ல இருவரிடமும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் யாரும் உடனே வைப்பதில்லை.