தவலை மூடியின் சத்தம்

தங்கச் சுரங்க ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் தண்ணீர்த் தவலையின் மூடி எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். அக்கா வேண்டுமென்றே அப்படி வைப்பாள். பூமிக்கடியில், வெகு ஆழத்தில், தன் பாரம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே எங்கள் தரை ஒரு தரம் உதறும். மூடி டங்கென்று ஒரே ஒரு சொல் சொல்லும். அந்தச் சொல் விழுந்ததும் லைன் முழுக்க அடுப்புகள் அணையும். யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். யார் வீட்டு ஆள் ஷிஃப்டில் இறங்கியிருக்கிறானோ அந்த வீட்டுப் பெண் ஈரக் கையோடு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு நடப்பாள். ஆள் ஏற்றும் கூண்டு, கேஜ், மேலே வந்து ஆட்கள் வெளியே வரும்வரை அங்கேயே நிற்பாள். அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, பாறையில் டிரில் போடுகிறவர். காலை ஷிஃப்டு.

நான் அவர்களோடு இருந்தேன். பஜாரில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவரிடம் லாரி ஓட்டினேன். பங்காருபேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றி ஊரெல்லாம் இறக்குவது வேலை. எழுபதுகளின் தொடக்கம். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத வயசு எனக்கு. இப்போதும் அது முழுசாகப் போய்விடவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் லாரிக்கும் அதே நோய் வந்தது. ரோட்டில் ஓடினால் ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் நோவு. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்ததும் எஞ்சின் தடுக்கும், ஒரு மூச்சு விடும், தூக்கி அடிக்கும், மறுபடி தடுக்கும். குளிரில் சுலபமாக ஸ்டார்ட்டும் ஆகாது. ராத்திரி லைனுக்குப் பின்னால் மேட்டில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டிவிட்டு, பிடித்ததும் எங்கள் வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து ஓடவிட்டபடியே உள்ளே போய்க் கஞ்சி குடிப்பேன். அணைத்தால் திரும்பக் கிளப்ப ஆள் சேர்க்க வேண்டுமே.

முதல் நாள் அந்த உதறலில் தவலை மூடி டங்கென்றது. அக்கா ஓடினாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாசம். பாதி வழியில் யாரோ சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். வந்தவள் என் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடுங்கி அடுப்படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

பக்கத்து வீட்டு அத்தை வாசலிலிருந்தே கேட்டாள். "இன்னாடி, இன்னும் மசக்கை உனக்கா, உன் தம்பி லாரிக்கா? அதுவுந்தான் காத்தால ஆனா ஒமட்டுது."

லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். லாரியைத் தள்ளி நிறுத்திப் பார்த்தேன். வேறெங்கே நிறுத்தினாலும் அங்கேயும் ஒரு தவலை, அங்கேயும் கீழே இறங்கிப்போன ஒருவன். நாலு நாளில் பெண்கள் ஓடுவதை விட்டுவிட்டார்கள். மூடி அடிக்கும், 'லாரி' என்பார்கள், வேலையைப் பார்ப்பார்கள்.

ஒரு காலை. அக்கா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மூடி டங்கென்றது.

அவள் நிமிரவில்லை. "உன் லாரியக் கொண்டுபோய் எங்கனா தள்ளு."

"நான் இன்னும் லாரிய எடுக்கவே இல்லக்கா. அது மேட்டுல நிக்குது."

முறம் தரையில் விழுந்தது.

அன்று சின்ன வெடிப்புதான். எல்லோரும் மேலே வந்தார்கள், மாமா உட்பட, முகமெல்லாம் கல்தூளோடு. ஆனால் அக்கா அன்று பூராவும் என்னோடு பேசவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், சிந்தின அரிசியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "பயமே வரலடா எனக்கு. அது எவ்ளோ பெரிய வெடியா இருந்திருந்தாலும் நான் கல்லு பொறுக்கிக்கினேதான் இருந்திருப்பேன்."

எஞ்சின் கெட்டால் கெடட்டும், அது இரும்பு. ஆனால் அது இந்த லைனின் காதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை நிறுத்தாமல் விடுவதில்லை என்று படுத்தேன்.

பங்காருபேட்டை மெக்கானிக் லாரி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடிலிங் திருகைக் கொஞ்சம் ஏற்றிவைத்தார். தடுக்கல் மறைந்த மாதிரி இருந்தது. காலையில் பார்த்தால் மூடி டங்கென்று சொல்வதை விட்டு டகடகவென்று உளறியது. திரும்பப் போனேன். டீசல் பம்ப்பை இறக்கிப் பெங்களூருக்கு அனுப்பினால்தான் ஆகும் என்றார். மண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "சங்கராந்தி லோடு முடியட்டும் ராஜா." சங்கராந்திவரை மூடி பொய் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குள் மெய் ஒன்று வந்தால்?

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு லீவு. இருவரும் பானெட்டைத் திறந்தோம்.

கீழே வேலை தொடங்குமுன் இரும்புக் கம்பியால் கூரைப் பாறையைத் தட்டிப் பார்ப்பது மாமாவின் வழக்கம். நல்ல பாறை மணி மாதிரி பேசும், விட்டுப்போன பாறை உடைந்த பானை மாதிரி முனகும். எஞ்சினையும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்றார். அது எனக்கும் சரியென்று பட்டது. எஞ்சினை ஓடவிட்டு, சிலிண்டர்களுக்கு டீசல் போகும் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கேட்டு, இறுக்கினேன். நன்றாக இருக்கும் சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். ஏற்கெனவே செத்த சிலிண்டரை நிறுத்தினால் ஒரு வித்தியாசமும் இருக்காது. நாங்கள் தேடியது அந்தச் செத்தவனை.

செத்தவன் இல்லை. எதைத் தளர்த்தினாலும் எஞ்சின் அதே அளவு தள்ளாடியது.

"எல்லாரும் ஒழைக்கிறானுங்க. எல்லாருமே தடுக்கி விழறானுங்க," என்றார் மாமா.

"அப்ப ஒருத்தன் மேல தப்பு இல்ல மாமா. சாப்பாட்டுலதான் இன்னாவோ கீது."

ஃபில்டர் மேலிருந்த சின்னத் திருகைத் திறந்தேன். தெளிந்த டீசல் வரவேண்டிய இடத்தில் சோடா மாதிரி நுரைத்து வந்தது. காற்று. நுரை அடங்கும்வரை வழியவிட்டு மூடினேன். எஞ்சின் சாந்தமாயிற்று. வீட்டுக்குள்ளிருந்து அக்கா, "நின்னுட்ச்சி," என்றாள். நாங்கள் பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் மறுபடி டங்.

காற்று எங்கிருந்தோ புகுந்துகொண்டே இருந்தது. ஆனால் டாங்கியிலிருந்து பம்ப்வரை ஒரு சொட்டு டீசல் கசிவு இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன், எல்லா மூட்டும் காய்ந்துதான் இருந்தது.

"காத்து போற எடத்தக் கண்டுபுடிக்க எனக்கா சொல்லணும்?" மாமா துணி சோப்பைக் கரைத்து வந்தார். டிரில் மிஷினுக்குக் காற்று போகும் ஹோஸில் ஓட்டை எங்கே என்று சுரங்கத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள். சோப்பு நுரையைப் பூசினால் ஓட்டை இருக்கும் இடத்தில் முட்டை முட்டையாகக் கிளம்பும். எஞ்சினை ஓடவிட்டபடியே மூட்டு மூட்டாகப் பூசினோம். ஒரு முட்டையும் கிளம்பவில்லை. டாங்கிக்குப் பக்கத்தில் கறுப்பாய், தடியாய் ஒரு ஹோஸ் துண்டு இருந்தது. பழைய பைப் விட்டுப்போனபோது மாமாவே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தது. கீழே தேய்ந்து, கழித்துப் போட்ட காற்று ஹோஸில் வெட்டியது. எங்கள் ஊரில் கட்டில் காலிலிருந்து கொடிக்கம்பிவரை சுரங்கத்தில் கழித்ததுதான். சுரங்கத்துச் சாமான் கெடாது என்பது எங்களுக்கு வேதம். அதற்கு மட்டும் மாமா பேருக்கு நுரை பூசி, உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தார்.

"கல்ல ஒடைக்கிற காத்தயே தாங்கின ஓஸு. உன் டீசல் அத இன்னா பண்ணிடும்?"

நான் அந்தத் தட்டிக் கொடுத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறொரு நாளாக இருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பேன், எழுந்தும் போயிருப்பேன், அதுதான் என் குணம். அன்று போகவில்லை. மற்ற மூட்டுகளில் நுரை பூசினபடியே உட்கார்ந்திருந்தது. அந்த ஹோஸின் கிளிப் ஓரத்தில் மட்டும் நுரை மெலிந்தது. மெல்ல, வெட்கப்பட்டு உள்ளே போகிற மாதிரி, ரப்பருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, கீழ உங்க ஓஸுல காத்து உள்ளருந்து வெளிய தள்ளும். இங்க பம்ப்பு உறிஞ்சுது. ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது. காத்துதான் உள்ள போவும்."

மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கழுவி, டீசல் ஊற்றி, பானெட்டுக்குப் பக்கத்தில் உயரத்தில் கட்டினேன். டாங்கியிலிருந்து வரும் வழியைக் கழற்றிவிட்டு டின்னிலிருந்து நேராகப் பம்ப்புக்குச் செம்புக்குழாய் கொடுத்து, காற்றை வெளியேற்றிக் கிளப்பினோம். எஞ்சின் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பீடி, இன்னொரு பீடி. தள்ளாடவில்லை. அக்கா வாசல் நிலையில் சாய்ந்து, வயிற்றின் மேல் கை வைத்து, எங்களைப் பார்க்காமல் உள்ளே தவலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹோஸைக் கழற்றிப் பிளந்தோம். வெளியே இரும்பு மாதிரி இருந்தது உள்ளே டீசல் குடித்து ஊறி, குழைந்து, கையோடு வந்தது. கிளிப்புக்கடியில் பிடிப்பே இல்லை. மாமா வெகுநேரம் அதை உருட்டிப் பார்த்தார்.

"காத்துக்குன்னே பொறந்ததுடா இது. டீசல ஊத்தினாலும் காத்தத்தான் குடிக்குது," என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பாமலே, "அப்ப ஒன்ன ஓட வச்சது நான்தான்," என்றார்.

"ஓட வச்சத விடுங்க. ஒக்கார வச்சீங்களே, அத சொல்லுங்க," என்றாள் அக்கா.

அன்றைய மாரிகுப்பம் ரயிலிலேயே பங்காருபேட்டைக்குப் போய்ச் சரியான பைப்பை அவரே வாங்கி வந்தார். அவரே மாட்டினார். மெக்கானிக் ஏற்றிவைத்த திருகை நான் இறக்கினேன். மறுநாள் காலை லாரி சுவரோரம் நின்று ஓடியது, நான் கஞ்சி குடித்தேன், மூடி வாயைத் திறக்கவில்லை. இருந்தும் ஒரு வாரம் அக்கா என் லாரியையும் தவலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகத்தைக் கழற்ற ஸ்பானர் இல்லை.

சங்கராந்தி கழிந்து, அவளுக்கு மாசம் நிறைந்திருந்த ஒரு காலை, லாரி வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடி டங்கென்றது. என் கை கிண்ணத்தில் நின்றது. அக்கா அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்துவிட்டாள். லாரியா என்று கேட்கவில்லை.

நடக்க முடியாத உடம்பு. அவளையும் லைனில் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓட்டினேன். பக்கத்து வீட்டு அத்தை அக்காவின் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள், கேலி எதுவும் இல்லாமல். அங்கே போனதும் எஞ்சினை அணைக்கக் கை நீட்டினேன்.

"வேணாம், ஓடட்டும். யாரையானா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்னா?" என்றாள் அக்கா.

ஓடவிட்டேன். அது ஒழுங்காக, தாழ்ந்த குரலில் ஓடியது. அதன் மேலாக எங்களுக்கு எல்லாம் கேட்டது: கேஜை இழுக்கும் வைண்டிங் சக்கரத்தின் முனகல், கம்பி நடுங்குவது, கேஜ் மணி. முதல் கேஜில் அவர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அக்கா லாரிக் கதவின் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. அதற்கடுத்ததில், கடைசி ஆளாக, ஒரு தோளில் இன்னொருவனைத் தாங்கிக்கொண்டு மாமா வந்தார். அவனுக்குக் காலில் அடி. அவனை லாரியில் ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு, மாமா முன்பக்கம் வந்து, அக்காவை ஒரு பார்வை பார்த்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து எஞ்சினைக் கேட்டுப் பார்த்தார்.

"போ," என்றார்.

கியர் போட்டேன்.