கலா கேட்ட கேள்வி

புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, முடிவே இல்லாமல் எழுத்துகள் நீளும் சொற்களைப் படிக்கும் தானியங்கி என்ற கணித எந்திரத்துக்கு நேர் எதிரானதைக் கட்ட வழி எழுதினேன். அது ஏற்பதையெல்லாம் இது மறுக்க வேண்டும், மறுப்பதை ஏற்க வேண்டும். ஒரு சொல்லைப் படிக்கையில் 'ஏற்கும் நிலை' ஒன்றுக்கு ஓயாமல் திரும்பத் திரும்ப வந்தால் தானியங்கி அந்தச் சொல்லை ஏற்கும் என்பது விதி. அதன் நகர்வுகளில் வரும் 'மற்றும்', 'அல்லது' இரண்டையும் இடம் மாற்றி, ஏற்கும் நிலைகளை மறுக்கும் நிலைகளாகவும் மறுப்பவற்றை ஏற்பவையாகவும் ஆக்கினால் போதும் என்று நினைத்தேன். தோழி கலா படித்துப் பார்த்து, "சரியா இருக்குடி" என்றாள்.

பிரான்சில் படிக்க ஒரே இடம், இருவருமே விண்ணப்பித்திருந்தோம். தேர்வுக் குழுவும் மற்ற மாணவர்களும் கேட்க நான் விளக்கி முடித்ததும் கலா எழுந்தாள்.

"ஒரு சொல்லைப் படிக்கறப்ப ரெண்டு வகை நிலைக்கும் மாறி மாறி ஓயாம போய்வந்தா? ரெண்டு தானியங்கியும் அதே சொல்லை ஏத்துக்குமே!"

வெளியே வந்ததும் அவளிடம், "முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"படிச்ச அன்னைக்கே தெரியும். ஒரு எடந்தானடி இருக்கு."

அவள்தான் பிரான்ஸ் போனாள். ஏற்கும் விதியையும் சேர்த்துத் தலைகீழாக்க வேண்டும் என்று ஒரே வாரத்தில் திருத்திவிட்டேன். ஆனால் தவறு என்னுடையது என்பதால், அவள் செய்ததை யாரிடமும் சொல்லி அழக்கூட முடியவில்லை.