கறுப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த அத்தை

வெர்லீன் ஓட்டிஸ் மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத்தான் திறப்பார். எங்கள் கவுண்டி என்ற சின்ன மாவட்டத்தின் குழந்தைகள் நல அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். கடைசி மூன்று வருஷம் அவருக்கு ஒரே வேலைதான், அடிப்பது. அறிக்கையில் கறுப்பு மையால் கோடு போட்டு அடிப்பது.

எங்கள் கவுண்டியில் பத்துக் குழந்தைகளில் மூன்று பேர் கறுப்பர்கள். ஆனால் கவனிப்புச் சரியில்லை என்று அரசு வீட்டிலிருந்து பிரித்து எடுத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் கறுப்பர்கள். வட கரோலினாவின் இந்த மூலையில் சோயா வயல்களுக்கு நடுவே பன்னிரண்டு வீடுகள் கொண்ட என் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். அலுவலகம் இதை ஒரு தாளில் போட்டுப் பார்ப்பதற்குத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று. பார்த்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குழந்தையை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஐந்து பேர் உட்காரும் ஒரு மேஜை. அந்த மேஜைக்கு அறிக்கை போகும்போது பெயர், நிறம், தெரு, பள்ளி எதுவும் இருக்கக் கூடாது. யாருடைய குழந்தை என்று தெரியாமலே முடிவு செய்யட்டும். அடிக்கும் பேனாவை வெர்லீனிடம் கொடுத்தார்கள்.

நான் அங்கே விசாரணை ஊழியனாகச் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சட்டம் போட்டு என் மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். வெர்லீன் முதல் நாளே வந்து பார்த்தார். பெயரைச் சத்தமாகப் படித்தார். பிறகு ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "காலேஜு" என்பார். நான் எங்கள் பக்கத்து வழக்கப்படி "மிஸ் வெர்லீன்" என்பேன்.

அடிக்க வேண்டியவை எட்டு என்று பட்டியல் சொன்னது. வெர்லீனின் பட்டியல் அதைவிட நீளம். கறுப்புப் பெண்கள் சூடாக்கித் தலைமுடியை நேராக்கும் இரும்புச் சீப்பு அடுப்பின் மேல் கிடந்தது என்று ஒருவன் எழுதியிருந்தால் அதை அடிப்பார். ஞாயிறு மாலை மூன்று மணி வரை சர்ச் என்று இருந்தால் அதையும் அடிப்பார்; அத்தனை நேரம் ஆராதனை நடப்பது எங்கள் கறுப்பர் சர்ச்சுகளில்தான். மேற்பார்வையாளர் மார்ஜ் டெக்கர், வெள்ளைக்காரர், நல்ல மனுஷி, ஒருதரம் தாளைத் தூக்கிக் காட்டி இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் வெர்லீன். "எனக்கு மொத்தக் குடும்பமும் உக்காந்திருக்கு."

அவர் அப்படி அடித்ததற்குக் காரணம் இருந்தது. அதை எனக்கு அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு வருஷமாகத் துண்டு துண்டாகச் சொன்னார்.

அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் அவர் தட்டச்சு செய்பவர். விசாரணைக்காரர் கையால் எழுதிக் கொடுப்பதை அடித்து, தாளின் அடியில் ஓரமாகத் தன் இரண்டு எழுத்தைச் சின்னதாகப் போட வேண்டும். வி.ஓ. யார் அடித்தது என்று தெரிவதற்காக. 1991 மார்ச்சில் ஒரு அறிக்கை வந்தது. மார்லன், ஆறு வயது. தாய் லொரெய்ன் கேட்ஸ். லொரெய்ன், வெர்லீன் போகும் அதே சர்ச். லொரெய்னுக்கு அறுவை சிகிச்சை ஆகி ஒரு மாதம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது சர்ச்சுப் பெண்கள் முறை வைத்துப் போய்ச் சமைத்துப் போட்டு, பையனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பினார்கள். விசாரணைக்காரர் எழுதியிருந்தார்: "குடும்பத்துக்கு உறவில்லாத ஆட்கள் வீட்டுக்குள் வந்துபோய்க்கொண்டிருக்கிறார்கள். குழந்தையை யார் கையில் விட்டிருக்கிறார் என்பது தாய்க்கே தெரியவில்லை."

அந்த உறவில்லாத ஆட்களில் வெர்லீனும் ஒருவர். வியாழக்கிழமை அவருடைய முறை. கீரையும் சோள ரொட்டியும் கொண்டு போயிருக்கிறார். தன்னைப் பற்றிய வரியைத் தானே தட்டச்சு செய்தார், ஒரு பிழையும் இல்லாமல். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாயைத் திறக்கவில்லை. ஓரத்தில் வி.ஓ. போட்டார்.

மார்லனை மூன்று கவுண்டி தள்ளிக் கொண்டுபோனார்கள். பிறகு வேறு குடும்பம், வேறு பெயர். வரவே இல்லை. லொரெய்ன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெர்லீனுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறார். இருபத்தெட்டு வருஷமாக வெர்லீன் அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டுதான் ஜெபம் செய்கிறார்.

அலுவலக வாசலில் ஆரஞ்சு நிற நாற்காலிகள் வரிசையாக இருக்கும். எந்தக் குழந்தை வந்து உட்கார்ந்தாலும் வெர்லீன் எட்டிப் பார்ப்பார். ஏன் என்று நான் கேட்டதற்கு ஒருநாள் சொன்னார்: "மார்லனுக்கு இப்போ முப்பத்திநாலு ஆயிருக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா அந்த நாற்காலியில வளரவே மாட்டேங்கிறான், காலேஜு."

இது இப்படியிருக்க, என் அறிக்கை ஒன்று அவர் மேஜைக்குப் போனது.

டமிக்கா ரைஸ் கோழி இறைச்சி ஆலையில் மத்தியானம் மூன்று மணி ஷிப்டு. வீடு திரும்ப நள்ளிரவு ஆகும். ஜாரல் ஏழு வயது, நைலா நாலு. ராத்திரி அம்மா வீட்டில் இருக்க மாட்டாள் என்று ஜாரல் பள்ளியில் சொல்லப்போக, பள்ளி எங்களுக்குப் போன் செய்தது. நான் போய்ப் பார்த்தேன். குளிர்பெட்டியில் அதிகம் இல்லை. ஜன்னல் ஒன்று அட்டையால் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் தினமும் இரண்டரை மணிக்கு எதிர்வீட்டு ஓடெஸ்ஸா பிம் வந்துவிடுகிறார். சோறு போட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து, டமிக்கா வரும்வரை சோபாவில் படுத்திருக்கிறார். ரத்த உறவில்லை, சர்ச்சு உறவு. குழந்தைகளுக்கு ஓடெஸ்ஸா அத்தை. இதையெல்லாம் எழுதினேன். நல்ல அறிக்கை என்ற பெருமையோடு எழுதினேன்.

வெர்லீன் அதைப் படித்து வந்து, "உறவில்லாத பெண்மணி" என்ற இடத்தில் நின்றிருக்கிறார். பேனா மூடியைக் கடித்திருக்கிறார். அந்த வரி ஒரு குழந்தையைக் கொண்டுபோனது அவருக்குத் தெரியும். இந்த இரண்டையும் அது கொண்டுபோகக் கூடாது. அத்தை வந்ததிலிருந்து போகும்வரை ஐந்து வரியையும் சேர்த்து அடித்தார்.

ஐவர் மேஜையில் அறிக்கையை நான்தான் படிக்க வேண்டும். விதி ஒன்று உண்டு. கோடு போடாததைப் படிக்கலாம், கோட்டுக்கு அடியில் இருப்பதைச் சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும். தாயின் ராத்திரி வேலை, ஜன்னல், குளிர்பெட்டி எல்லாம் படித்தேன். பிறகு ஐந்து கறுப்புக் கோடு. ஐவரில் ஒருவர் கேட்டார், வேறு பெரியவர்கள் யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று.

நான் கோட்டைப் பார்த்தேன். "தாளில் இருப்பதைப் படித்துவிட்டேன்" என்றேன்.

குழந்தைகளை எடுக்கலாம் என்று ஐந்து கைகளும் உயர்ந்தன. நிறம் பார்க்காத கைகள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அன்று பள்ளி விடுமுன் நானும் இன்னொருவரும் அங்கே போய் இருவரையும் கூட்டி வந்தோம். ஆரஞ்சு நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார வைத்தோம். வெர்லீன் எட்டிப் பார்த்தார். ஜாரல் புத்தகப் பையை மடியில் கட்டிப் பிடித்திருந்தான்.

மறுநாள் காலை ஓடெஸ்ஸா பிம் கவுண்ட்டருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ என் வீட்டுத் தின்பண்டத்தைச் சாப்பிட்டுக்கிட்டே என் பேரை எழுதினே, ஞாபகம் இருக்கா கண்ணு? எழுத்துக் கூட்டிக்கூடச் சொன்னேனே. இப்போ கோர்ட்டுல கொடுக்கப்போற காயிதத்துல 'கவனிக்க யாருமில்லை'ன்னு இருக்காம். டமிக்கா படிச்சுட்டு அழறா. நான் எங்க போனேன்?"

எனக்குப் பின்னால் வெர்லீனின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் கோப்பை எடுத்து, அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. இரண்டு தரம் அடிப்பது அவர் வழக்கம். 

அவர் மார்ஜிடம் போனார். கதவு திறந்தே இருந்தது. அடித்தது தப்பு, அசல் தாளை எடுங்கள் என்றார். அசல் முத்திரை போட்டு வைக்கப்பட்டது, வழக்கு முடியும்வரை பிரிக்க முடியாது, வக்கீல் மனுவும் மேஜைக்குப் போன தாளை வைத்துத்தான் எழுதியாகிவிட்டது, அடுத்த மாதம் மறுபரிசீலனை வரும், அப்போது பேசலாம் என்றார் மார்ஜ். கொடுமைக்காகச் சொல்லவில்லை. பாரபட்சம் நுழையக் கூடாது என்று போட்ட பூட்டு அது.

"உங்களுக்கு ரிடையர் ஆக பதினோரு மாசம்தான் இருக்கு வெர்லீன்," என்றார் கடைசியில்.

ஆறாம் நாள் நீதிமன்றம். வெர்லீனுக்கு அங்கே வேலை இல்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சர்ச்சுக்குப் போடும் ஊதா நிற மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வீட்டில் குழந்தைகளைக் கவனிக்க வேறு பெரியவர் யாருமில்லை என்று வக்கீல் வாசித்தபோது எழுந்து நின்றார். நீங்கள் யார் என்றார் நீதிபதி.

"அந்த ஆளை அடிச்சவ நான்தாங்க ஐயா," என்றார் வெர்லீன். "காயிதத்துல இருந்தாங்க. தினமும் ரெண்டரைக்கு வர்றாங்க. பேரு ஓடெஸ்ஸா பிம். அதோ உக்காந்திருக்காங்க. நிறம் தெரிஞ்சிடக் கூடாதுன்னு அடிச்சேன். ஆளே தெரியாமப் போயிட்டாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். என்னை எழுப்பி இது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். ஆறு நாளுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை.

அன்று மாலையே குழந்தைகள் வீடு திரும்பின. நான்தான் காரில் கொண்டு போனேன். ஓடெஸ்ஸா பொரித்த மீன் வைத்திருந்தார். நைலா ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜாரல் மேஜையில் உட்கார்ந்தான், சாப்பிட்டான், புத்தகப் பையை மட்டும் முதுகிலிருந்து கழற்றவில்லை. டமிக்கா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் மா, திரும்பக் கூப்பிட்டா?" என்றான். நான் வாசலில் நின்றபடியே விடைபெற்றேன்.

அன்றே பேனாவைப் பிடுங்கி வெர்லீனை அவர் மேஜையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். பிறகு விதியை மாற்றினார்கள். குழந்தையைக் கவனிப்பவர் பற்றிய வரியை யாரும் அடிக்கக் கூடாது, பெயரை மட்டும் அடிக்க வேண்டும். அந்த விதியின் கீழே வெர்லீனின் பெயர் எங்கும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என் தாயின் சர்ச்சும் அதுதான். பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது வெர்லீன் எழவில்லை. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர் லொரெய்ன்" என்றார். லொரெய்ன் கேட்ஸ் திரும்பி அருகே வந்தார். மெலிந்த முகம். கையில் மடித்த விசிறி.

வெர்லீன் சொல்லத் தொடங்கினார். 1991 மார்ச், அந்தத் தாள், வியாழக்கிழமை. சொல்லி முடிக்க விடவில்லை லொரெய்ன். கையை நீட்டி வெர்லீனின் கையின் மேல் வைத்தார்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். கோர்ட்டுல எனக்கும் ஒரு நகல் குடுத்தாங்க. அடியில உன் ரெண்டு எழுத்து இருக்கு."

 "தெரிஞ்சுமா?" என்றார் வெர்லீன்.

"தெரிஞ்சுதான் ஒவ்வொரு வாரமும் உன் முன்னால வந்து உக்காந்தேன்," என்றார் லொரெய்ன். "பின்னாலருந்து ஒருநாள் நீ கூப்பிடுவேன்னு."

விசிறியை எடுத்துக்கொண்டு நடைவழியில் போனார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே வெர்லீன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் பெஞ்சில் ஆறு வயசுப் பையன் யாரும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். நன்றாகப் பார், காலேஜு, என்றார்.