எட்டு கிலோவுக்குள் நாலு கத்தி

தராசு பழுது பார்ப்பவருக்குத் தெருவில் 'கிராம்' என்றுதான் பெயர். எடைக்கல்லின் தூசியைக்கூட ஊதிவிட்டுத்தான் நிறுப்பார். அப்படிப்பட்ட மனிதருக்குப் பதினோரு வருடங்களுக்கு முன், காட்டுக்குக் கொண்டுபோகிற கத்திகளைச் சேர்க்கும் கிறுக்குப் பிடித்தது. காட்டுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை; காலண்டரில் பார்த்த காடுதான் அவருக்குக் காடு.

பீரோவில் துணி இருந்த தட்டுகள் ஒவ்வொன்றாகக் கத்திகளுக்குப் போயின. மடக்குக் கத்தி, ரம்பப் பல் வைத்தது, விறகு பிளக்கிற தடிமனில் ஒன்று, மீன் அரிய மெல்லிசாக ஒன்று. எண்ணெய் தடவி, துணி சுற்றி, குழந்தை மாதிரி படுக்க வைப்பார். மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. "ஏங்க, உங்க கத்தியக் கொஞ்சம் குடுங்க" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். கேட்டால்தானே, கல்நெஞ்சக்காரி!

மனைவியின் தம்பி, காட்டில் ஓர் இரவு தங்கும் பயணத்துக்கு அக்கா, மாமா, தான் என்று மூன்று பேரின் பெயரையும் கொடுத்தான். கிராமுக்குத் தலைகால் புரியவில்லை. ஆளுக்கு எட்டு கிலோ பைதான் அனுமதி. மூவரின் சாப்பாடும் தன் பொறுப்பு என்று அவரே வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் கடையில் வேலை ஓடவில்லை. நாலு கத்தியையும் சாப்பாட்டு டப்பாவையும் வைத்து, தராசில் பையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்தார். கடைசியில் எட்டு கிலோ, ஒரு கிராம் கூடக்குறைய இல்லை.

காட்டின் முகப்பில் வழிகாட்டி பையைக் கொக்கித் தராசில் மாட்டினார்.

"ஒம்பதரை இருக்கு சார்."

"பையோட எடை ஒன்னரை. அதைக் கழிங்க."

"பையை எதுக்குக் கழிக்கணும்?"

"பாத்திரத்தைக் கழிச்சுட்டுத்தான் சரக்க நிறுக்கணும். அதுதான முறை?"

"அப்ப பையை யாரு சார் தூக்குறது? நானா?"

முப்பது வருடத் தொழில் பழக்கம் காலை வாரிவிட்டது. ஒன்றரை கிலோவை இறக்கியாக வேண்டும். நாலு கத்தியும் சேர்ந்தால் அவ்வளவு வரும்; சாப்பாட்டு டப்பாவும் அவ்வளவுதான். கிராம் கத்திகளைப் பார்த்தார், சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தார். யாரும் கவனிக்காத நேரத்தில் டப்பா, அவர்கள் வந்த வண்டிக்கே திரும்பிப் போய்விட்டது. "உங்க தராசு நாப்பது கிராம் கூடக் காட்டுது" என்று வழிகாட்டியிடம் சொல்லவும் அவர் தவறவில்லை.

சாயங்காலம் கூடாரம் போட்டதும் துணி விரித்து நாலு கத்தியையும் வரிசையாக வைத்தார்.

"கடை விரிச்சாச்சு. சாப்பாடு எங்க மாமா?" என்றான் மைத்துனன்.

சொல்ல வேண்டியதாகிவிட்டது. வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது. "பயமா இருந்துச்சு" என்றார் மனைவியிடம். "காட்டுல எது வரும்னு யாரு கண்டா? ஒரு கத்தியக்கூட விட மனசு வரல."

அவள் திட்டவில்லை. தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கும் முனையில் விரலை வைத்தவள், என்ன நினைத்தாளோ, விரலை எடுத்துவிட்டாள்.

"ஏங்க, இது கிழிய மாட்டேங்குது. உங்க கத்தியக் கொஞ்சம் குடுங்க."

கிராம் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதைக் கொடுப்பது? ரம்பப் பல் பிஸ்கட்டை நொறுக்கிவிடும். தடிமனானது ஆகவே ஆகாது. மெல்லிசா, மடக்கா? இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏதாவது ஒன்ன எடுங்க மாமா, உயிர் போகுது!"

"நீ சும்மா இருடா" என்றாள் அவள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பசியோடு, அவர் தேர்ந்தெடுக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.