பரிபூரணத்தின் முழம்

1943, புரட்டாசி பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. வன்னியம்பட்டியில் பரிபூரணத்தின் வாசலில் ராஜபாளையத்து வண்டி வந்து நின்றது. உள்ளே தரையில் பதிக்கும் சிவப்பு ஓடுகள். ஆறங்குலச் சதுரம், முன்னூற்றுப் பத்து. பட்டாளத்திலிருந்த அவள் கணவன் தேவஇரக்கம் கடைக்கு நேரே எழுதி அனுப்பச் சொன்னவை.

ஓடு பதிக்க வேண்டிய அறை, கிறிஸ்துமஸ் லீவு தையில் முடிந்து அவன் போன பிறகு கட்டியது. அவன் பார்த்ததில்லை. மண்தரை, மழை வந்தால் ஓதமடிக்கும். ஐப்பசியில் பிறக்கும் பிள்ளையை ஈரத்தில் கிடத்தக் கூடாது என்பதே அவள் கவலை. அவன் கடிதத்தில் அளவு கேட்டதும் கையால் முழம் போட்டு, நீளம் எட்டு, அகலம் ஆறு என்று சொன்னாள். எழுதியது மிஷன் பள்ளி ஜெயபாய் டீச்சர். வந்த பதிலைப் படித்துக் காட்டியதும் அவள்தான்.

வண்டியைப் பார்த்து டீச்சர் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"முழம் ஒன்றரை அடி. அப்போ பன்னெண்டுக்கு ஒம்பது. நானூத்து முப்பத்திரெண்டு ஓடு வேணுமே! நூத்து இருபத்திரெண்டு குறையுது."

"கடையில இனி ஒரு ஓடு கிடையாது. சண்டை முடிஞ்சாத்தான் சரக்கு" என்றான் வண்டிக்காரன்.

கொத்தனார் பால்ச்சாமி சிரித்தார். "பட்டாளத்துல சுடத்தான் சொல்லிக்குடுப்பாக, பெருக்கவா சொல்லிக்குடுப்பாக?"

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "அவிய கணக்குல தப்ப மாட்டாவ. கடுதாசிய இன்னொருக்க படிங்க, டீச்சரம்மா."

டீச்சர் எடுத்து வந்து படித்தாள். "நீளத்துக்கு இருபது, அகலத்துக்குப் பதினைந்து. உடைசலுக்குப் பத்து. கர்த்தர் உன்னைக் காப்பாராக."

"நடுவுல என்னத்தையோ முழுங்குதிய."

"அது புருசன் பொஞ்சாதிக்குள்ள உள்ளது. நாலு பேரு முன்னால படிக்கதா?"

"வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கேன். இனிமே என்ன வெக்கம்? படிங்க."

டீச்சர் தலை நிமிராமல் படித்தாள். "உன் கை எனக்குத் தெரியாதா? லீவில் என் கைமேல் கை வைத்துப் படுத்திருந்தாயே. முழங்கையோடு முழங்கை சேர்ந்திருந்தும், என் விரல் தொடங்கும் இடத்தைத்தான் உன் விரல்நுனி எட்டியது. என் முழம் பதினெட்டு என்றால் உன் முழம் பதினைந்து அங்குலம்."

பால்ச்சாமி உள்ளே போய் இஞ்சி டேப்பை விரித்தார். பத்தடி. ஏழரையடி.

"கணக்கு சரிதான் தாயி. டீச்சரம்மா வெக்கந்தான் நூத்து இருபத்திரெண்டு ஓட்டத் தின்னுருச்சு" என்றார்.

நாலு நாளில் தளம் முடிந்தது. உடைந்தவை மூன்று, மிஞ்சியவை ஏழு. சுவரோரம் ஒரு விரற்கடை மண்கூடத் தெரியவில்லை.

பூச்சு காய்ந்த பிறகு, ஒரு மத்தியானம், பரிபூரணம் மெல்லக் கையூன்றித் தரையில் உட்கார்ந்தாள். முழங்கையை ஓர் ஓட்டின் விளிம்பில் வைத்து விரல்களை நீட்டினாள். இரண்டு ஓடு முழுசாக, மூன்றாவதில் பாதி.

கையை அவள் சற்று நேரம் எடுக்கவில்லை.