நூற்றுக்கு நூறு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு

பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் தொழிலில் பொய் சொல்லவே தேவையில்லை. எதை எதனோடு ஒப்பிடுவது என்பதைச் சாமர்த்தியமாகத் தேர்ந்தெடுத்தால் போதும். நெல்லித்தோப்பில் ஒன்று, தவளக்குப்பத்தில் ஒன்று என இரண்டே சிறு பள்ளிகளை நடத்தும் ஓர் அறக்கட்டளையில், புள்ளியியல் முதுகலை படித்த பாவத்துக்காக, ஆண்டுதோறும் மாநிலத்தின் பிற பள்ளிகளோடு எங்களை ஒப்பிட்டு அறிக்கை எழுதுகிறேன். தேர்ச்சி விழுக்காட்டால் தூக்கமிழந்த ஆசிரியப் பெருமக்களே, இது உங்களுக்காக.

முதலிடம் தேடும் படலம்

முதல் அறிக்கையில், நாம் நடுவில் இருக்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். எங்கள் தாளாளர் அதைப் படித்துவிட்டு, நெருங்கிய உறவினரின் மருத்துவ அறிக்கையைப் படித்தவர்போல் முகம் சுருங்கினார். அரசுப் பள்ளிகளை நீக்கச் சொன்னார், நீக்கினேன். பெரிய பள்ளிகளை நீக்கச் சொன்னார்; அவற்றையும் நீக்கினேன். அப்போதும் நடுவிலேயே இருந்தோம். ஜன்னல் வழியே வெளியே பார்த்தவரின் முகம் திடீரென மலர்ந்தது.

"மேடம், வெளையாட்டு மைதானம் இல்லாத ஸ்கூலுங்கள மட்டும் எடுத்துப் பாருங்க. நாமதான் ஃபர்ஸ்ட் வருவோம்."

கொசுக்கடி

சிறிய பள்ளியின் சாபம் வகுத்தலில் இருக்கிறது. பெரிய பள்ளியில் ஒரு பிள்ளை தோற்றால் விழுக்காடு சற்றே அசையும். எங்களிடம் ஒரு பிள்ளை தோற்றால் பட்டியலில் படிக்கட்டு உருண்டு விழுவோம். இதை நான் வரைபடம் போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். கணக்கு ஆசிரியர் கொட்டாவியை முடித்துவிட்டுச் சுருக்கினார்:

"அவங்களுக்கு அது கொசுக்கடி, நமக்குக் கால் ஒடிஞ்ச மாதிரி. இதுக்கு எதுக்கு மேடம் கலர் கலரா படம்?"

பெற்றோர் கூட்டம்

காரைக்கால், மாஹே, ஏனாம் உட்பட நான்கு பிராந்தியங்களோடும் எங்களை ஒப்பிட்டு மேடையில் பேசினேன். கைதட்டல் ஓய்ந்ததும், பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற தந்தையொருவர், ஊரார் சொல்தா என்றழைக்கும் வகையினர், மிடுக்காக எழுந்து நின்றார். அவர் மகள் கூரை ஒழுகும் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள்.

"எல்லாம் சரி மதாம், மழைக்கு ஒழுகறதுல மாநிலத்துல நாம எத்தனாவது?"

கழித்தல் கணக்கு

மைதானத்தை வைத்து எவ்வளவு நாள்தான் ஓட்டுவது? சென்ற ஆண்டு நூறு விழுக்காடு வேண்டும் என்று தாளாளர் பிடிவாதமாக நின்றார். அதற்குக் குறுக்கே நின்றவள் ஒருத்திதான்: தவளக்குப்பம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்த கஸ்தூரி. எல்லாத் தேர்விலும் கணக்கில் மட்டும் தவறாமல் தோற்றுக்கொண்டிருந்தாள். பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புமுன் அவளுக்கு டி.சி. கொடுத்துத் தனித்தேர்வராக எழுதச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். பல பள்ளிகளின் நூறு இப்படித்தான் பிறக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா?

கூட்டு ரோட்டில் மீன் விற்கும் அவள் தாயை வரவழைத்தார்கள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தார். தாளாளர் என் வரைபடத்தையே விரித்துக் காட்டி, பள்ளியின் பெருமையை விளக்கினார். அந்த அம்மாள் படத்தைப் பார்க்கவேயில்லை.

"இன்னா சார் நாயம் இது? சொதந்தர தெனத்துக்கு டான்ஸ் ஆட மட்டும் எம்பொண்ணு வேணும், பரீச்ச எழுதறதுன்னா ஊரான் வூட்டுப் பொண்ணா?"

இன்னோர் ஒப்பீடு

அவர் போனபின் நான் வாய் திறந்தேன். டி.சி. கொடுங்கள் ஐயா, கூடவே இன்னோர் ஒப்பீட்டையும் வெளியிடுகிறேன்: ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு வரை மிஞ்சினார்கள் என்று ஒவ்வொரு பள்ளிக்கும் கணக்கெடுப்பேன், பிள்ளைகளைத் தொலைப்பதில் நாம் முதலிடம் பெற வாய்ப்புண்டு, பதாகைக்கு இப்போதே சொல்லிவிடலாமா? தாளாளர் டி.சி. தாளை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

"ஒங்கள வேலைக்கு எடுக்கறப்பவே எங்க வூட்ல சொன்னாங்க, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்ச பொம்பள வேணாம்னு."

முதலிடம்

நீங்கள் எதிர்பார்க்கும் அற்புதம் நிகழவில்லை. கஸ்தூரி பள்ளி மாணவியாகவே எழுதினாள், கணக்கில் தோற்றாள். நூறு போயிற்று; படிக்கட்டு உருண்டோம்; என்னோடு தாளாளர் பேசுவதை நிறுத்தினார், அது ஒருவகையில் விடுமுறை. கொசுக்கடி சொன்ன அதே கணக்கு ஆசிரியர், அவளைத் தினமும் மாலையில் உட்காரவைத்துத் துணைத்தேர்வுக்குத் தயார் செய்தார். தேறிவிட்டாள்.

மறுவாரம் தவளக்குப்பத்தில் பேருந்தை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றேன். பதாகை வைக்கத் தடையுள்ள ஊரில், ஆளுயரத்தில் கஸ்தூரி சிரித்துக்கொண்டிருந்தாள். "துணைத்தேர்வில் 100 விழுக்காடு தேர்ச்சி! மாநிலத்தில் முதலிடம்!" எங்கள் பள்ளியிலிருந்து துணைத்தேர்வு எழுதியவள் அவள் ஒருத்தி மட்டுமே. ஆகவே அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பதாகையின் நிழலில் கூடையை வைத்து அவள் தாய் சங்கரா விற்றுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒங்க சாருகிட்ட சொல்லு, இத அவுக்கவே வேணாம்னு. எம்பொண்ணு மேல நிக்கறா, மீனுக்கு வெயிலு படல."

மைதானமில்லாத, கூரை ஒழுகும், ஒரே ஒரு மாணவியைத் துணைத்தேர்வுக்கு அனுப்பிய பள்ளிகளின் வரிசையில், மாநிலத்தில் எங்களை மிஞ்ச இன்றுவரை ஆளில்லை.