கோல் பிடித்தவளின் நெற்றி

"தங்கசாமி காடு மலையெல்லாம் சுற்றிப் படமெடுத்தவர்" என்று என்னைப் பற்றிச் சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் நான் சுற்றியதெல்லாம் சைக்கிள் போகிற தூரத்துக்குள்தான். ரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூர்க் கல்மரம், அரியலூர்ச் சுண்ணாம்புக் குழிகள், காரை கிராமத்துப் பக்கத்து ஓடைகள். பெரம்பலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த எனக்குப் பிழைப்பு என்னவோ கல்யாண வீடுகளில். வாய் சும்மா இருக்காது என்பதால், மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை போடாமல் திரும்பிய முகூர்த்தம் குறைவு. ஆளில்லாத இடங்கள் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். பாறை வந்து, "என்னைக் கொஞ்சம் சிவப்பாகக் காட்டு" என்று கேட்காது.

அப்படிக் கேட்பவர்களையும் நான் ஏமாற்றியதில்லை. நெகட்டிவின் மேல் ஊசி போலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு, பருவையும் அம்மைத் தழும்பையும் மறைத்துவிடுவேன். அந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பென்சிலுக்குத் தடை போட்டவர் பேராசிரியர் அழகேசன்.

1979 மாசியில் அவர் சென்னையிலிருந்து நிலவியல் ஆராய்ச்சிக்கு வந்தார். கூடவே என்னையும் காரைக்கு அழைத்துப் போனார். ஊரைத் தாண்டியதும் மரம் மட்டை எதுவும் கிடையாது. பிழிந்து உதறாமல் போட்ட வேட்டி மாதிரி, பூமி மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். மண்ணில் ஜிப்சம் கண்ணாடிச் சில்லாக மின்னும். குனிந்தால் கல்லாகிப்போன நத்தை கையில் அகப்படும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கடலைப் பற்றிச் சொன்னால் வேறென்ன வரும்?

பேராசிரியர் எனக்கு மூன்று கட்டளைகள் போட்டார். வெயில் சாய்ந்திருக்கும்போதுதான் படமெடுக்க வேண்டும். அப்போதுதான் மண்ணின் ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும். நெகட்டிவில் பென்சில் படக்கூடாது. மேட்டின் உயரம் தெரிய, பக்கத்தில் ஒருவர் அளவுகோலைப் பிடித்து நிற்க வேண்டும். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். "முகம் தெரிந்தால் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள், மண்ணைப் பார்க்க மாட்டார்கள்" என்பார்.

அந்தக் கோலைப் பிடித்தவள்தான் இருசம்மாள். காரைக்குப் பக்கத்துக் காலனிக்காரி, புருஷன் இல்லாதவள், களை எடுக்கப் போகிறவள். வெயிலுக்குத் தலைத்துணியைப் புருவம் வரை இழுத்துக் கட்டியிருப்பாள். இருபத்திரண்டு நாள் எங்களோடு ஓடை ஓடையாக ஏறி இறங்கினாள். "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று நான் எரிந்து விழுந்தால், "தள்ளுனா குழியிலதான் சார் நிக்கணும், பரவாயில்லீங்களா?" என்பாள். நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் அவள் இருந்தாள். ஒன்றில்கூட முகம் இல்லை.

கடைசி நாள் சாயங்காலம், பேராசிரியர் ஜீப்புக்குப் போன பிறகு, அவள் என்னிடம் வந்தாள்.

"சார், என்னைய ஒரு போட்டா புடிச்சுத் தரீங்களா? எம் மவனுக்கு அனுப்பணும்."

மகன் பெயர் மதுரைவீரன். வீட்டை விட்டு ஓடி மூன்று வருஷமாம். போன வாரம்தான் பம்பாயிலிருந்து முதல் கடிதம் வந்திருந்தது. போஸ்ட்மேன் படித்துச் சொன்னாராம். அதில் இரண்டே வரி: 'ஓட்டலில் வேலை செய்கிறேன். உன் போட்டோ ஒன்று அனுப்பு.'

"எனக்கு எழுதத் தெரியாதுங்க. அவன் கேட்டது இது ஒண்ணுதான். இத அனுப்புனா வருவான்னு தோணுது."

அவள் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, முதல் முறையாகக் கேமராவைப் பார்த்து நின்றாள். சாய்வெயில் பக்கவாட்டில் விழுந்தது. பின்னால் மண்ணில் ஒவ்வொரு கோடும் எழுந்து நின்றது. அவள் நெற்றியிலும் ஒரு கோடு எழுந்து நின்றது. இடது புருவத்துக்கு மேல் ஆழமான தழும்பு. அதை நான் அன்றுதான் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

பிரிண்ட் போட்டு, விளக்கடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் எடுத்ததில் அதுபோல ஒன்று கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஸ்டூடியோவுக்கு வந்ததும் பெருமையாக எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள் படத்திலிருந்த நெற்றியை விரலால் தடவினாள்.

"இத அனுப்ப முடியாதுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன், என்ன குறை?"

"இந்தத் தழும்பு தெரியுதே. அவன் எறிஞ்ச கல்லு. ஆட்டுக்குத்தான் எறிஞ்சான், எம் மேல பட்டுடுச்சு. ரத்தத்தப் பாத்துட்டு ஓடுனவன்தான். இதப் பாத்தான்னா அந்தப் பக்கமே நின்னுடுவான் சார்." கொஞ்சம் தயங்கி, "நீங்க இதெல்லாம் அழிப்பீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

மனசே வரவில்லை. அந்தத் தழும்பில்தான் படத்தின் உயிரே இருந்தது. பேராசிரியரின் கட்டளை வேறு காதில் கேட்டது. ஆனால் அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பென்சிலைச் சீவினேன். பூதக்கண்ணாடி வழியே நெகட்டிவில் புள்ளி புள்ளியாக வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவள் நெற்றியை வழவழப்பாக்கினேன். புதிய பிரிண்டை உறையில் போட்டு, பம்பாய் விலாசத்தையும் நானே எழுதினேன். அவள் திருப்பிக் கொடுத்த பழைய பிரிண்டை மேஜை இழுப்பறைக்குள் தள்ளினேன்.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். கடை வாசலில் மெலிந்த ஒரு வாலிபன் வந்து நின்றான்.

"காரை இருசம்மா மவன் சார். போட்டோ பின்னால உங்க கடை சீல் இருந்துச்சு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை.

"அம்மா உங்ககிட்ட என்ன சொல்லிச்சு சார்? ஆட்டுக்கு எறிஞ்ச கல்லுன்னா? ஊர்லயும் அப்புடித்தான் சொல்லி வச்சிருக்கு."

தலையாட்டினேன்.

"அம்மா மேலதான் சார் எறிஞ்சேன். குறி பாத்து எறிஞ்சேன். ஆடு மேய்க்கப் போடான்னு சொன்னதுக்கு. எலும்பு தெரிஞ்சுது, நான் பாத்தேன். அந்தக் காயம் ஆறியிருக்கான்னு பாக்கத்தான் போட்டோ கேட்டேன். வந்த போட்டோல அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. அப்புடி எப்புடி சார் ஆறும்? யாரோ அழிச்சிருக்காங்க. நான் பாத்து நோகக்கூடாதுன்னு அழிக்கச் சொன்னது அம்மாவாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அன்னிக்கே ரயில் ஏறிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அழிக்காத படம் ஒண்ணு இருக்குமா சார்? எனக்கு அதுதான் வேணும்."

இழுப்பறையைத் திறந்து, என்னிடமிருந்த ஒரே பிரதியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.